கூட்டு மருந்து டப்பா: இருபது வருடமாகச் சாப்பிடுகிறவளின் மதிப்புரை

நான் மதிப்புரை எழுதப் போகும் இந்த டப்பாவின் மேல் 'அரசு விநியோகம், விற்பனைக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். உள்ளே முப்பது மாத்திரை, ஈரம் இழுக்க ஒரு சின்னப் பொட்டலம். டி.எல்.டி என்பார்கள். டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50, மூன்றும் ஒரே மாத்திரையில். ஹெச்.ஐ.வி உள்ளவர்கள் தினம் ஒன்று, வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும். எங்களுக்குள் இதற்குப் பெயர் கூட்டு மருந்து. ஏ.ஆர்.டி மையம் எனப்படும் அரசு ஹெச்.ஐ.வி சிகிச்சை மையத்தில் இலவசமாகத் தருகிறார்கள்.

இந்த மருந்தைப் பற்றித் தமிழில் தேடிப் பார்த்தேன். மருத்துவர்கள் எழுதியது இருக்கிறது. சாப்பிடுகிறவர் எழுதியது என் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன். என் பெயரைப் போடவில்லை, எந்த ஊர் மையம் என்றும் சொல்லவில்லை. மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய புகுந்த வீட்டில் இன்னும் எல்லோருக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரர் நாமக்கல் லாரி டிரைவர். முதலில் முட்டை லோடு, பிறகு நேஷனல் பெர்மிட் வண்டி. மும்பை, கொல்கத்தா, குவாஹாத்தி என்று போனால் திரும்ப மாதக்கணக்கு ஆகும். வந்த அன்றைக்கு மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெரு முழுக்க நடப்பார். எனக்கு வடக்கேயிருந்து வளையல் வாங்கி வருவார், ஒரு தடவைகூட அளவு சரியாக இருந்ததில்லை. 2000 கடைசியில் வயிற்றுப்போக்கு பிடித்தது, நிற்கவே இல்லை. அப்புறம் இருமல். வாயெல்லாம் வெள்ளை படிந்து, ரசம் சாதம்கூட இறங்காது. ஒரு தனியார் மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். முடிவை எங்களிடம் சொல்வதற்கு முன்னால் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. கட்டிலை வராந்தாவுக்கு நகர்த்தினார்கள். சாப்பாட்டுத் தட்டை ஓர் ஆள் காலால் தள்ளிவிட்டுப் போனார்.

சேலத்தில் ரயிலேறி தாம்பரம் சானடோரியத்துக்குக் கூட்டிப்போனோம். காசநோய்க்காக 1928-இல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. ஹெச்.ஐ.வி என்றால் மற்ற இடங்களில் கதவைச் சாத்திய காலத்தில் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். ஆந்திராவிலிருந்தெல்லாம் வந்து படுத்திருந்தார்கள். ஒரு நர்சம்மா வெறும் கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் விட்டிருக்கு தம்பி" என்றார். வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் அவரைத் தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். காசநோய்க்கு மருந்து கொடுத்தார்கள், வாய்ப்புண்ணுக்குக் கொடுத்தார்கள். ஹெச்.ஐ.வி-க்கு என்ன என்று கேட்டதற்கு டாக்டர் மறைக்காமல் சொன்னார். மருந்து இருக்கிறது, வெளியில்தான் வாங்க வேண்டும், மாதம் பல ஆயிரம் ஆகும், ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. எங்களுக்கு ஒரு மாதத்துக்கே வழியில்லை. 2001 ஆடியில் போய்விட்டார். வயது 34.

அந்த வருடம் பிப்ரவரியில்தான் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா, ஹெச்.ஐ.வி-க்கான மூன்று மருந்துகளைச் சேர்த்து ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. அதுவரை வெளிநாட்டு நிறுவனங்களின் விலை வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். இதை நான் படித்தது பல வருடம் கழித்து. தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைய மதிப்பில் ஒரு நாளைக்கு 45 ரூபாய்க்குள் வந்தது. லைனில் இருக்கும்போது அவர் வாங்கிய பேட்டா அதைவிட அதிகம்.

அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1 அன்று. நோய் அதிகமிருந்த ஆறு மாநிலங்களிலும் டெல்லியிலுமாக எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கினார்கள், அதில் தாம்பரமும் ஒன்று. எனக்கும் பாசிட்டிவ் என்று அவர் இருக்கும்போதே தெரியும். மகளுக்கு இல்லை. ஆனால் அப்போதெல்லாம் இரத்தத்தில் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. அதாவது உடம்பு நன்றாகக் கெட்ட பிறகுதான். நான் 2006-இல் ஆரம்பித்தேன். 2017-லிருந்து பாசிட்டிவ் என்று தெரிந்தவுடனேயே மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் சரி.

இந்த டி.எல்.டி நல்ல மருந்து என்று நான் சொல்வதற்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் இதற்கு முன்னால் சாப்பிட்டதையும் சொல்ல வேண்டும். முதலில் கொடுத்தது ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, பன்னிரண்டு மணி நேர இடைவெளி. உயிரைக் காப்பாற்றிய மருந்து, அதை மறக்க மாட்டேன். ஆனால் பாதம் இரண்டும் எரியும், ராத்திரி ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பேன். கொஞ்ச வருடத்தில் கன்னம் ஒட்டிப்போனது, கை கால் நரம்பு புடைத்துத் தெரிந்தது. ஸ்டாவுடின் கொழுப்பைக் கரைத்துவிடும். உடம்பு தேறின பிறகும் முகத்தைப் பார்த்தே 'அந்த மாத்திரை சாப்பிடுகிறவள்' என்று அடையாளம் கண்டுவிடுவார்கள். பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்காருவேன். பிறகு அதை எடுத்துவிட்டு ஜிடோவுடின் கொடுத்தார்கள், நகமெல்லாம் கறுத்தது, இரத்தம் குறைந்தது. அதற்கப்புறம் எஃபாவிரென்ஸ் சேர்ந்த ஒரே மாத்திரை, படுக்கும்போது போட வேண்டும். போட்ட ஒரு மணி நேரத்தில் வீடு சுற்றும். கனவு என்றால் அப்படிக் கனவு, அவர் லாரியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்கிற சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்கும். டாக்டரிடம் சொன்னபோது இந்த மருந்துக்கு அது உண்டு என்றார். கனவு தொந்தரவாக இருந்தது. ஆனாலும் மருந்தை மாற்றியபோது அந்த ஹாரன் சத்தம் நின்றுபோனதில் எனக்கு வருத்தமும் இருந்தது.

டி.எல்.டி 2021-இல் வந்தது. தலைசுற்றல் இல்லை. பாத எரிச்சல் புதிதாக வரவில்லை, பழைய எரிச்சல் மட்டும் கொஞ்சம் மிச்சம். சாப்பிட்டும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம், ஆனால் தினமும் ஒரே நேரத்தில். எனக்கு ஆரம்பத்தில் தூக்கம் வரவில்லை, டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொண்டேன், சரியானது. எடை ஏறுகிறது, இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கன்னம் ஒட்டிப்போய் வாழ்ந்த எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, இப்போது சர்க்கரை எட்டிப் பார்ப்பதால் நடக்கப் போகிறேன். சிறுநீரகத்துக்காக கிரியேட்டினின் பார்க்கச் சொல்வார்கள், தவறாமல் பாருங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து, கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இவற்றை இதோடு சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. டி.எல்.டி-யை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ போட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களும் அளவை மாற்ற வேண்டியிருக்கும். வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மருந்து சாப்பிடுவதை அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லப் பயந்து மறைத்தவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

பலன் என்ன? வைரல் லோடு பரிசோதனைத் தாளில் எனக்கு வரிசையாக டி.என்.டி என்று வருகிறது. இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது என்று பொருள். அப்படி அடங்கியே இருந்தால் உடலுறவு வழியாகக்கூட அடுத்தவருக்குப் பரவாது. உலக சுகாதார நிறுவனம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் மையத்துக்கு வரும் ஓர் இளம் ஜோடிக்குப் போன வருடம் குழந்தை பிறந்தது, குழந்தைக்கு இல்லை. இனிப்பு கொண்டுவந்து மருந்து கொடுப்பவரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் கொடுத்தார்கள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன், ஒன்று அவருக்காக.

இந்த மாத்திரை எப்படி இவ்வளவு மலிவாகி என் கைக்கு வந்தது என்பதையும் சொல்லாவிட்டால் மதிப்புரை பாதிதான். 2005-இல் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மாறியது. மருந்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டால் நம் ஊர் நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்க முடியாது. ஹெச்.ஐ.வி உள்ளவர்களின் சங்கங்களே காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபனை போட்டன. 2006-இல் காம்பிவிர் என்ற மருந்துக்கான விண்ணப்பத்தை கிளாக்ஸோ நிறுவனம் திரும்பப் பெற்றது. 2009-இல் டெனோஃபோவிர் மீதான விண்ணப்பங்களைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. டி.எல்.டி-யில் முதல் எழுத்து அந்த டெனோஃபோவிர்தான். டோலுடெக்ராவிரை மற்ற நிறுவனங்களும் மலிவாகத் தயாரிக்க உரிமம் கிடைத்த பிறகு, 2017-இல் டி.எல்.டி-யை ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு வருடம் சுமார் 75 டாலருக்குத் தர ஒப்பந்தம் ஆனது. 2023-இல் அதுவும் 45 டாலருக்குக் கீழே போனது. 350-லிருந்து 45. அந்த ஆட்சேபனைகளுக்காகக் கையெழுத்து வாங்கியவர்களும், டெல்லிக்கு ரயிலேறியவர்களும், கூட்டத்தில் எழுந்து நின்று 'எனக்கு ஹெச்.ஐ.வி' என்று சொன்னவர்களும் எல்லோரும் இன்று உயிரோடு இல்லை.

எங்கள் நாமக்கல் பெண் பி. கௌசல்யா முகத்தை மறைக்காமல் வெளியே வந்து, 1998-இல் சென்னையில் மற்ற பெண்களோடு சேர்ந்து பாசிட்டிவ் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். அவர் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று என் மாமியார் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார், நான் குறைக்கவில்லை. அதற்கும் முன்னால் 1986-இல் சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற இளம் மருத்துவர் இரத்த மாதிரிகளைச் சேகரித்து ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். இந்தியாவில் ஹெச்.ஐ.வி இருப்பது முதலில் தெரிந்தது அப்படித்தான். அந்த முதல் மாதிரிகளைக் கொடுத்த பெண்களின் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர்களையும் நான் என் ஆட்களாகத்தான் நினைக்கிறேன்.

சரி, இனி சேவையைப் பற்றி. எங்கள் மையத்தின் பெரிய பலம் ஆலோசகர். "வாங்கக்கா, போன தடவை சொன்ன முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறந்து மிச்ச மாத்திரையை எண்ணுவார். எண்ணுவது சந்தேகப்பட்டு அல்ல, விட்டுப்போயிருந்தால் ஏன் என்று கேட்பதற்கு. ஒவ்வொரு தடவையும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் வியர்வை உண்டா என்று கேட்கிறார்கள், காசநோயைச் சீக்கிரம் பிடிக்க. ஒருங்கிணைப்பாளரும் எங்களைப் போலவே பாசிட்டிவ் பெண். வராதவர்களை அவர்தான் தேடிப் போகிறார். இவர்களில் பெரும்பாலானவர்கள் ஒப்பந்த ஊழியர்கள், வருடக்கணக்காக. அவர்களுக்கு நிரந்தர வேலை கொடுக்க வேண்டும் என்று நான் இந்த இடத்தில் எழுதியே ஆக வேண்டும், எங்கள் உயிர் அவர்கள் நாற்காலியில்தான் இருக்கிறது. உடம்பு நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரை ஒரே தடவையில் தருகிறார்கள். தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் போகிற பெண்களுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதும் பெரிய உதவி.

குறைகளும் உண்டு. காத்திருக்கிற பெஞ்சு மற்ற ஓ.பி-க்குப் போகிற வழியிலேயே இருக்கிறது, தலைக்கு மேல் பெரிய எழுத்தில் பலகை. தெரிந்தவர் யாராவது வந்துவிடுவாரோ என்று பலர் தூண் மறைவில் நிற்கிறார்கள். டப்பா இன்னொரு குறை. பையில் போட்டு நடந்தால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும், மூன்று டப்பா என்றால் கேட்கவே வேண்டாம். நான் தைத்து மிஞ்சின துணியில் சின்னச் சின்ன உறை தைத்து டப்பாவைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறேன், கேட்பவர்களுக்கும் கொடுக்கிறேன். மாத்திரையை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், ஈரம் பட்டால் கெட்டுவிடும். துணிதான் நல்ல வழி.

பெரிய பயம் மருந்து தட்டுப்பாடு. 2022-இல் நாட்டின் பல இடங்களில் மருந்து கிடைக்காமல், டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவின் அலுவலக வாசலில் பாசிட்டிவ் மக்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக உட்கார்ந்து போராடினார்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு இரவும் டப்பாவைக் கொட்டி எண்ணினேன். நாங்கள் ஒரு நாளும் தவறக் கூடாது என்று அறிவுரை சொல்கிற அரசு, தானும் ஒரு நாளும் தவறக் கூடாது. இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் ஹெச்.ஐ.வி-யோடு வாழ்கிறோம், சின்ன எண்ணிக்கை இல்லை.

மையத்துக்கு வெளியே இன்னும் மோசம். பித்தப்பைக் கல்லுக்காக நான் போன ஒரு மருத்துவமனையில் கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதி, அறுவை சிகிச்சைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள். 2001-இல் நாங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தோம். இந்தத் தடவை நான் வாயை மூடவில்லை. 2017-இல் ஹெச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்திருக்கிறது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது, நம் சம்மதம் இல்லாமல் நிலையை வெளியே சொல்லக் கூடாது, புகார் கேட்க மாநில அளவில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் சட்டத்தின் நகலோடு வந்தார்கள். மறுநாள் காலையில் அறுவை சிகிச்சை நடந்தது.

அந்தச் சங்கம்தான் மே மாதம் மூன்றாவது ஞாயிறு மெழுகுவத்தி ஏற்றும் கூட்டம் நடத்துகிறது. 1983-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த வழக்கம், உலகம் முழுக்கச் செய்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். ஒவ்வொருவராக எழுந்து போனவர்களின் பெயரைச் சொல்வோம். முதல் சில வருடம் பெயர்கள் முடியவே முடியாது. கணவன், கொழுந்தன், மூன்று வயதுப் பிள்ளை. எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அக்கா, மாத்திரையால் குணமாகிவிட்டது என்று நம்பி நிறுத்தியவர். ஊர் நிலத்தில் புதைக்க விடாமல் ஆற்றங்கரையில் எரித்த ஒரு பையன். புதிதாக மருந்து ஆரம்பிக்கிற பிள்ளைகளை நான் அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன். ஒரு பெண் வெளியே வந்து, "இத்தனை பேரா அக்கா?" என்றாள். அவள் அதன் பிறகு ஒரு மாத்திரை விட்டதில்லை.

மதிப்பெண் கேட்டால் மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து, மையத்தின் ஆட்களுக்கும் அப்படியே. காத்திருக்கும் இடத்துக்கும் மற்ற மருத்துவமனைகள் எங்களை நடத்தும் விதத்துக்கும் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன்.

சந்தேகம் இருப்பவர்கள் அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்ற பலகையைத் தேடுங்கள், பரிசோதனை இலவசம், முடிவை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். போனில் கேட்க 1097. ஏற்கெனவே மருந்தை நிறுத்தியவர்களும் தயங்காமல் திரும்ப வாருங்கள், சேர்த்துக்கொள்கிறார்கள். பெண்களுக்கு ஒரு விஷயம்: ஹெச்.ஐ.வி இருந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். அதற்கான பரிசோதனையை எங்கள் மையத்தில் யாரும் தானாகச் சொல்லவில்லை, அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது நான் கேட்கப் போகிறேன். உங்கள் மையத்தில் நீங்களும் கேளுங்கள்.